காலண்டரில் இருந்த வயிற்றுவலி: மும்பையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"அக்கா, எனக்கு எந்தச் சாப்பாடுமே சேர மாட்டேங்குது" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

வயது 31. டோம்பிவிலியில் வீடு, ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, திருமணமாகி மூன்று வருடம், குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் தாராவி. நான் செம்பூரில் ஒரு வயிற்று நோய் மருத்துவரோடு சேர்ந்து உணவு ஆலோசகராக இருக்கிறேன். தமிழ் பேசுகிற பெண்கள் வந்தால் டாக்டர் முதலில் என்னிடம் அனுப்பிவிடுவார், ஏனென்றால் மலத்தைப் பற்றியும் பீரியட்ஸைப் பற்றியும் இந்தியில் சொல்லச் சொன்னால் நம் பெண்கள் பாதியை விழுங்கிவிடுகிறார்கள், அந்த விழுங்கிய பாதியில்தான் பல நேரம் நோயே இருக்கிறது. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

கல்லூரிக் காலத்திலிருந்தே வயிற்றுத் தொந்தரவு. சில நாள் காலையில் ஐந்தாறு தடவை பாத்ரூம், சில நாள் மூன்று நாள் வரை போகவே போகாது, வயிறு உப்பி சுடிதாரின் நாடா அழுத்துகிற அளவுக்கு வந்துவிடும். போய்விட்டு வந்தால் வலி கொஞ்சம் குறையும். திருமணத்துக்கு அப்புறம், டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயிலேற ஆரம்பித்ததும் எல்லாம் கூடிவிட்டது.

இதற்காக அவர் பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் அமீபா என்று சொல்லி இரண்டு வருடத்தில் மூன்று தடவை மெட்ரோனிடசோல் கொடுத்திருக்கிறார், மூன்றாவது தடவைக்கு மலப் பரிசோதனைகூட இல்லை. இன்னொருவர் "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். பெண்கள் நல மருத்துவர் ஒருவரிடம், பீரியட்ஸ் சமயத்தில் லூஸ் மோஷன் ஆகிறது என்று கேட்டபோது, "அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற பதிலும் மெஃபனமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையும் கிடைத்தன. எல்லாருக்கும் வருவதுதான் என்ற அந்த ஒரு வரியை எத்தனை பெண்கள் என் அறையில் உட்கார்ந்து திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. பலருக்கும் கொஞ்சம் வரும், உண்மைதான், ஆனால் மாதத்தில் ஒன்பது நாள் ஒருவரைப் பாடாய்ப் படுத்துவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்புறம் அவரே இணையத்தில் படித்து ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தார். முதலில் பால். பிறகு கோதுமை, வெங்காயம், பருப்பு, தக்காளி, தேங்காய். என்னிடம் வரும்போது ஏழு மாதமாக அவர் சாப்பிட்டது சோறு, வேகவைத்த கேரட், இரண்டு இட்லி, எப்போதாவது ஒரு முட்டை. 54 கிலோ இருந்தவர் 48 ஆகிவிட்டார். ஹீமோகுளோபின் 9.8. ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு 8 மட்டும். இவ்வளவு செய்தும் வயிறு முன்பு மாதிரியேதான் இருந்தது, அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார்.

காலண்டர்

கடைசி பீரியட்ஸ் எப்போது என்று கேட்டேன். ஞாபகமில்லை. சமையலறையில் காலநிர்ணய் காலண்டரில் புள்ளி வைப்பேன் என்றார், மும்பையில் பாதி வீடுகளில் பால் கணக்கு எழுதுகிற அதே காலண்டர். அங்கேயே மாமியாருக்குப் போன் போட்டார்: "அத்தை, ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருக்க காலண்டரை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்புங்களேன், ஆறு மாசத்துக்கு." ஐந்து நிமிடத்தில் ஆறு படம் வந்தது. நீல மையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பால் கணக்கு, அதன் ஓரத்தில் சிவப்பில் சின்னச் சின்னப் புள்ளி.

அலுவலகத்தில் எடுத்த விடுப்பு அவர் போனிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதினோம். ஆறு மாதத்தில் 11 நாள் விடுப்பு, அதில் 9 நாள் சிவப்புப் புள்ளிக்கு இரண்டு நாளுக்குள், முன்னாலோ பின்னாலோ. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்போ தக்காளி இல்லியாக்கா?" என்று கேட்டார்.

தக்காளி மேல் பழி விழுந்த கதை இப்படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறையத் தக்காளி ரசம் குடித்திருக்கிறார், மறுநாள் அதிகாலையில் வயிறு கலக்கிவிட்டது. காலண்டரில் பார்த்தால் அந்தத் திங்கட்கிழமையில் புள்ளி இருக்கிறது. ரசம் குடித்த அன்று சுழற்சியின் கடைசி நாள், எதைச் சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் அதுதான் நடந்திருக்கும். இப்படி ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு மூன்று நாளில் வாய்க்குள் போனது எதுவோ அதைக் குற்றவாளியாக்கி, கடைசியில் தட்டில் எதுவும் மிஞ்சாமல் போயிருக்கிறது.

டயரி எழுதச் சொன்னேன், நான்கே விவரம்: சுழற்சியின் எத்தனையாவது நாள் (ரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று வைத்து), வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, மலம் எந்த வகை, முக்கியமாக என்ன சாப்பிட்டார். மலத்தின் வகைக்கு பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது, இங்கிலாந்தில் உருவாகி 1997-ல் வெளியானது, ஏழு படம்: 1 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரி, 4 என்றால் வழவழப்பாக நீளமாக, 7 என்றால் வெறும் தண்ணீர். நம் ஆட்கள் வெட்கப்படாமல் எண்ணைச் சொல்லிவிடலாம் என்பதே இதில் எனக்குப் பிடித்தது. இருபது கேள்வி கேட்கிற செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

சரி, ஐபிஎஸ் (irritable bowel syndrome, பரிசோதனையில் குடலில் கோளாறு எதுவும் தெரியாமலேயே வலியும் மலப் போக்கில் மாற்றமும் தொடர்ந்து வருகிற நிலை) என்று எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. 2016-ல் வந்த ரோம் 4 என்ற மருத்துவ வரையறைப்படி, கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் கழிப்பதோடு தொடர்பு, போகிற தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது. இந்த இரண்டும் எச்சரிக்கை அறிகுறிகள். மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தது, ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, இவையும் அந்தப் பட்டியலில் வரும். இதில் ஒன்று இருந்தாலும் டயரியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

இங்கேதான் ஒரு சிக்கல். சீலியாக் நோய்க்கு (கோதுமையில் இருக்கிற குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படுகிற நோய்) வேறோர் ஆய்வகத்தில் ஏற்கெனவே ரத்தப் பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்த தாளைக் கையில் வைத்திருந்தார். ஆனால் அப்போது அவர் கோதுமையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கோதுமை சாப்பிடாதவரின் ரத்தத்தில் அந்த நோயைக் காட்டுகிற எதிர்ப்பொருள் காலப்போக்கில் இறங்கிவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும். யாரும் அவரிடம் கோதுமை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: ஆறு வாரம் தினமும் இரண்டு வேளை கோதுமை, அப்புறம் மறுபடி பரிசோதனை, கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவும்.

அவர் பயந்துபோனார். வயிறு வெடிச்சிரும்க்கா என்றார். அவருடைய அம்மா போனில் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், "பிள்ளை ஏற்கெனவே எலும்பா கெடக்கா, நீங்க சேராததையே திங்கச் சொல்லுதீங்களே" என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. காலையில் ஒரு சப்பாத்தி, மாலையில் ஒரு பாவ் ரொட்டி என்று தொடங்கினோம், வலி தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று என் எண்ணைக் கொடுத்தேன்.

அந்த ஆறு வாரம்தான் இந்த நிகழ்வையே திருப்பிப் போட்டது. டயரியில் 7-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாள் வரை, சப்பாத்தியும் பாவும் தினமும் போய்க்கொண்டிருக்க, வலி 1 அல்லது 2, மலம் வகை 4. இருபதாம் நாளுக்கு மேல் அதே சப்பாத்திக்கு உப்புசம், வலி 5, மலம் வகை 2. ரத்தம் பட்ட அன்று வலி 8, வகை 6, ஆறு தடவை. அடுத்த சுழற்சியிலும் இதே வரிசைதான் தொடர்ந்தது. அவருடைய சுழற்சி 28, 29 நாள்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. சீலியாக் இல்லை, இந்தத் தடவை நம்பக்கூடிய முடிவு. தைராய்டு சரி. மலத்தில் கால்ப்ரொடெக்டின் சாதாரண அளவு, குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள். எடையையும் ரத்தக் குறைவையும் பார்த்து டாக்டர் கொலனோஸ்கோப்பியும் செய்தார், அதிலும் ஒன்றுமில்லை. எடை குறைந்ததற்குக் காரணம் சாப்பாட்டைக் குறைத்தது. ரத்தம் குறைந்ததற்குக் காரணம் அதுவும், மாதாமாதம் அவர் சாதாரணம் என்று நினைத்திருந்த மிக அதிகமான ரத்தப்போக்கும்.

மிச்சம் இருந்தது என்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சில நேரம் குடலின் மேலேயே வளர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிறது, அந்த வருடங்களில் பலருக்கும் கையில் கிடைக்கிற பெயர் ஐபிஎஸ்தான். பீரியட்ஸோடு சேர்ந்து வருகிற எந்த வயிற்றுத் தொந்தரவிலும் நான் நான்கு கேள்வி கேட்காமல் விடுவதில்லை: பீரியட்ஸ் நாளில் மலம் கழிக்கும்போதே வலிக்கிறதா, அந்த நாள்களில் மட்டும் மலத்தில் ரத்தம் வருகிறதா, தாம்பத்தியத்தில் உள்ளே ஆழமாக வலிக்கிறதா, குழந்தை தங்குவதில் தாமதம் இருக்கிறதா. கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்டேன். முதல் கேள்விக்கு ஆமாம் என்றார், கத்தி வைத்து இழுக்கிற மாதிரி, முதல் இரண்டு நாள். மூன்றாவது கேள்விக்கு வெகுநேரம் மேஜை விரிப்பையே திருகிக்கொண்டிருந்துவிட்டு, எப்போதாவது, என்றார்.

இந்த நோயைப் பார்த்துப் பழகிய பெண்கள் நல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். உள்வழி ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, சின்னப் படிவுகள் அதில் தப்பிவிடும், இதை அந்த மருத்துவரே எழுதிக் கொடுத்தார். இப்போதைக்கு ஐபிஎஸ் என்று வைத்து வயிற்றுக்கான சிகிச்சையைத் தொடங்கிப் பார்ப்பது, வலி அடங்கவில்லை என்றால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) என்று முடிவானது. சுழற்சியையே நிறுத்தி வைக்கிற ஹார்மோன் மாத்திரையும் ஒரு வழி, பலருக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் குழந்தைக்கு முயற்சி செய்கிறவருக்கு அது இப்போதைக்கு இல்லை.

குடலில் என்ன நடக்கிறது

இதை நான் எல்லாருக்கும் விளக்குவேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் பயம் பாதியாகிவிடும். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் ஏறுகிறது, அது குடலின் தசையைத் தளர்த்தி ஓட்டத்தை மெதுவாக்கும், அதனால் மலச்சிக்கல், உப்புசம். கரு தங்கவில்லை என்றால் ஹார்மோன் சட்டென்று இறங்கும், கருப்பையின் உள்படலம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து கருப்பையைச் சுருங்க வைக்கும். அந்தப் பொருள் பக்கத்திலேயே இருக்கிற குடலையும் விடாது, அதுவும் சேர்ந்து சுருங்கித் தண்ணீரை வெளியே விடும், அதுதான் முதல் நாள் லூஸ் மோஷன். இது பல பெண்களுக்கும் ஓரளவு நடக்கிறது. ஐபிஎஸ் உள்ளவருக்கு இன்னொன்று கூடுகிறது: 2002-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்டதில், மாதவிடாய் நாள்களில் ஐபிஎஸ் உள்ள பெண்களின் மலக்குடல் கூடுதலாக உணர்கிறது, ஐபிஎஸ் இல்லாத பெண்களிடம் அந்த மாற்றம் இல்லை என்று தெரியவந்தது. ஆக, அவர் மிகைப்படுத்தவில்லை. அதே அளவு வாயு, அதே சுருக்கம், அந்த நாளில் அவருக்கு நிஜமாகவே அதிகமாக வலிக்கிறது.

சாப்பாடு

முதல் வேலை சாப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பது. மீன், முட்டை, தேங்காய், தக்காளி எல்லாம் முதல் வாரமே திரும்பி வந்தன. அதற்கப்புறம் நான்கு வாரம் மட்டும் ஃபாட்மேப் குறைத்த உணவு. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி, தண்ணீரை இழுத்து, பாக்டீரியாவுக்கு உணவாகி வாயுவாகிற சில கார்போஹைட்ரேட்டுகளைக் கொஞ்ச நாள் குறைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது. திருப்பிச் சேர்க்கிற இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியிலேயே வருடக்கணக்கில் நிற்பவர்கள்தான் இவரைப் போல எலும்பாகிறார்கள்.

நம் சமையலில் பெரிய ஆள் வெங்காயமும் பூண்டும். இரண்டிலும் ஃப்ரக்டான் என்ற சத்து இருக்கிறது, அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் பிரயோஜனமில்லை, சத்து குழம்பில் இறங்கியாகிவிட்டது. எண்ணெயில் பூண்டை மிதமான சூட்டில் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும், தொந்தரவு வராது. இதை மாமியார் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, மிளகு, சீரகம் எல்லாம் இருக்கும்போது குழம்பு அப்படியொன்றும் சப்பென்று ஆகிவிடாது. துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு, ஒரு கரண்டி அளவு, ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு.

வெளியே சாப்பிடுவதுதான் மும்பையில் பயம். வடாபாவை எடுத்துக்கொண்டால் கோதுமைப் பாவ், அதில் காய்ந்த பூண்டு சட்னி, வடைக்குள்ளும் பூண்டு. மிசலில் முளைகட்டிய பயறு, மேலே பச்சை வெங்காயம். ஆனால் இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது: ஜெயின் சமயத்தவர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்பதால், பல ஓட்டல்களிலும் தெருக்கடைகளிலும் "ஜெயின்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கொடுத்துவிடுவார்கள், காரணம் கேட்க மாட்டார்கள். விரத நாளுக்கென்று போடுகிற ஜவ்வரிசிக் கிச்சடியும் அப்படித்தான், ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, சீரகம், அவ்வளவுதான். அலுவலகத்தில் மூன்று வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தவர் இந்த ஒரு சொல்லால் தோழிகளோடு கீழே இறங்க ஆரம்பித்தார். மருந்துச் சீட்டில் எழுத முடியாத சிகிச்சை என்று இதை நினைக்கிறேன்.

திருப்பிச் சேர்க்கிற கட்டத்தில் நான் கண்டிப்பாக வைத்த ஒரே விதி, எதைச் சோதித்தாலும் 6-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாளுக்குள் மட்டும். ஒரு பொருள் மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. மாதத்துக்கு இரண்டுதான் சோதிக்க முடிகிறது, மெதுவாகத்தான் போகும். ஆனால் இருபத்தைந்தாம் நாள் சோதித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும், மறுபடி தக்காளி ரசக் கதைதான். மூன்று மாதத்தில் தெரிந்தது இவ்வளவு: வெங்காயமும் பூண்டும் எப்போதும் தொந்தரவு, கோதுமை ஒரு நாளைக்கு இரண்டு சப்பாத்தி வரை சரி, காபியில் ஊற்றுகிற பால் சரி, துவரம்பருப்பு சாம்பார் பதினெட்டாம் நாள் வரை சரி, அதற்கு மேல் கூடாது.

மருந்தும் காலண்டரைப் பார்த்தே. இருபதாம் நாளிலிருந்து இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, பிறகு இரண்டு. மலம் இறுகுவதற்கு முன்பே தொடங்கினால்தான் பயன். இரும்பு மாத்திரை தினமும் எடுத்து மலச்சிக்கலைக் கூட்டிக்கொண்டிருந்தார், டாக்டர் அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார், அப்படிக் கொடுத்தால் உறிஞ்சப்படுவது நன்றாகவே இருக்கிறது, டீயோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடு.

வலிக்கு எடுத்த மெஃபனமிக் அமிலத்தை டாக்டர் நிறுத்தினார். புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிற மருந்துதான் அதுவும், ஆனால் அந்த மாத்திரையே சிலருக்குப் பேதியைக் கொண்டுவரும், ஏற்கெனவே ஆறு தடவை போகிறவருக்கு அது வேண்டாம் என்பது அவர் கருத்து. 2023 கடைசியில் இந்திய பார்மகோபியா ஆணையம் இந்த மருந்தால் அரிதாகக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு என்று வரக்கூடிய ட்ரெஸ் என்ற ஒவ்வாமையைப் பற்றி எச்சரிக்கையும் கொடுத்தது, நம் ஊரில் கடையில் கேட்டு வாங்கி முழுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிலாக நாப்ராக்சன், சாப்பிட்ட பிறகு, இரண்டு நாள் மட்டும். பொதுவாக முதல் நாளுக்கு முந்தைய நாளே தொடங்கினால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் கரு தங்கியிருக்க வாய்ப்பு இருப்பவர் என்பதால் ரத்தம் பட்டதைப் பார்த்த பிறகுதான் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வகை மாத்திரைகளைக் கேட்காமல் தொடவே கூடாது. இதெல்லாம் போதவில்லை என்றால் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் யோசனையில் இருந்தது, குடல் வலிக்கு 10 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுப்பது, 2023-ல் இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்துப் பலன் கண்டது. தேவைப்படவில்லை.

ரயில்

டோம்பிவிலியிலிருந்து, ஃபோர்ட் பகுதிக்கு இறங்குகிற சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஃபாஸ்ட் லோக்கலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டியில் பாத்ரூம் கிடையாது. பெண்கள் பெட்டியில் காலை எட்டு மணிக்கு ஏறினால் கையை மடக்கக்கூட இடமிருக்காது, வயிறு கலக்கினால் கதவு வரை போவதற்குள் அடுத்த ஸ்டேஷன் போய்விடும். தாணேயை விட்டால் ஃபாஸ்ட் வண்டி வெகுதூரம் நிற்காமல் ஓடுகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவருக்கு உயிர் போய் உயிர் வருகிற நேரம். பயத்திலேயே குடல் சுருங்கும், சுருங்கியதைப் பார்த்துப் பயம் கூடும். வண்டி ஏறுவதற்கு முன் எதுவும் சாப்பிடுவதில்லை, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் சேர்க்காத ஃபில்டர் காபி மட்டும், ஐந்தரை மணிக்கு. காபி பெருங்குடலைத் தூண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது, அது ஒன்றுதான் அவர் நிறுத்தாமல் வைத்திருந்தது.

காபியைப் பிடுங்கவில்லை. 1, 2-ஆம் நாள் மட்டும் காலையில் வேண்டாம், மற்ற நாளில் இரண்டு இட்லிக்கு அப்புறம். அந்த இரண்டு நாளும் ஃபாஸ்ட் வண்டியை விட்டு ஸ்லோ வண்டி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், சில நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்க வழி இருக்கும். நேரம் கூடத்தான் ஆகும், அதனால் அலுவலகத்தில் பேசி அந்த இரண்டு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கினார், மேலாளரிடம் வாயைத் திறந்து பீரியட்ஸ் என்று சொன்னதே அவருக்குப் பெரிய விஷயம். ஸ்டேஷன்களில் எந்த நடைமேடையில் பெண்கள் கழிப்பறை திறந்திருக்கும், எங்கே தண்ணீர் வரும் என்று டயரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டார். பையில் ஒரு லோபெரமைடு மாத்திரை, காய்ச்சலோ ரத்தமோ இல்லாத பேதிக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவில். பையில் அது இருக்கிறது என்ற தைரியத்திலேயே பெரும்பாலான மாதம் அதை எடுக்க வேண்டி வரவில்லை. கூடவே வயிற்றை உப்பி மெதுவாக விடுகிற மூச்சுப் பயிற்சி, குர்லா வரும் வரை.

எட்டு மாதம் கழித்து

மோசமான நாள்கள் மாதத்துக்கு ஒன்பதிலிருந்து மூன்றாகியிருக்கிறது. எடை 52.5. ஹீமோகுளோபின் 11.9. கடைசி நான்கு மாதத்தில் விடுப்பு ஒரே ஒரு நாள்.

ஐந்தாவது மாதம் சறுக்கியது, அதையும் எழுத வேண்டும். ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், நீண்ட ரயில் பயணம், தூக்கமில்லை, சுழற்சி ஆறு நாள் தள்ளிப் போய்விட்டது. நாள் எண்ணிக்கையை மட்டும் நம்பி, இருபத்தொன்பதாம் நாள் தாண்டியதும் இனிப் பயமில்லை என்று நினைத்து இசப்கோலை நிறுத்தி, கல்யாண வீட்டு சாம்பாரை வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று நாள் படுத்துவிட்டார். "ஏட்டி, அந்த டாக்டரம்மா சொன்னதெல்லாம் சும்மாதானா?" என்று அம்மா கேட்டாராம். தப்பு என்னுடையது, நான்தான் சுழற்சியைக் கடிகாரம் மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தேன். இப்போது எண்ணோடு உடம்பையும் பார்க்கச் சொல்கிறேன், மார்பு கனப்பது, இடுப்பில் நாடா இறுகுவது, மலம் வகை 3-க்குக் கீழே போவது, இதில் இரண்டு வந்தால் ரத்தம் படும் வரை இருபதாம் நாள் விதிகளே தொடரும்.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. முதல் இரண்டு நாள் மலம் கழிக்கும்போது வருகிற அந்த வலி 8-லிருந்து 4-க்கு வந்திருக்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாடும் மாத்திரையும் செய்யக்கூடியதைச் செய்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வாரம் பெண்கள் நல மருத்துவரிடம் போகிறார், எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று கேட்பதற்கு. எட்டு மாத டயரியையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், அந்த வலி வந்த பதினாறு நாளையும் சிவப்பில் வட்டம் போட்டு.